குதிரையிடம் அடிபட்ட நாய்க்குட்டியை மீண்டும் லாயத்துக்குப் பழக்குதல்

லாயத்தில் நாய்க்குட்டி அடிபடுவது பெரும்பாலும் தீனி நேரத்தில்தான். கொள்ளு வாளியின் சத்தம் கேட்டதும் குதிரைகள் நிலைகொள்ளாமல் அசைகின்றன. குதிரைக்காரர் இரண்டு கைகளிலும் வாளியைத் தூக்கிக்கொண்டு வருவதால் அவருடைய பார்வை தரையில் இருப்பதில்லை. இந்த ஆரவாரத்தில் தனக்கும் பங்கு உண்டென்று குட்டி உள்ளே பாய்கிறது. எங்கள் லாயத்தில் கருப்பன் அடிபட்டதும் அப்படித்தான். மூன்றரை மாத நாட்டுக்குட்டியான அவன், ஒரு பெண்குதிரையின் பின்னங்கால் அருகே சிந்திய கொள்ளைப் பொறுக்கப் போய் உதையின் ஓரத்தில் சிக்கினான். முன்கால் எலும்பில் விரிசலுடன் புல்லுக்கட்டுகளுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டவனை வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. உதை நேராக விழுந்திருந்தால் அவனை எடுத்துப் புதைத்திருப்போம்.

கால் ஐந்து வாரத்தில் கூடிவிட்டது. பயம் தெளிய ஏறக்குறைய நான்கு மாதம் ஆயிற்று. அதில் கொஞ்சம் என் அவசரத்தால் நீண்டது. புதிதாக லாயம் நடத்தத் தொடங்கியவர்களும், குதிரை நிற்கும் தோட்டத்தில் நாய் வளர்ப்பவர்களும் அதே தவற்றைச் செய்யாமல் இருப்பதற்காக, செய்ய வேண்டியவற்றைச் செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் இரண்டு நாட்கள்

அடிபட்ட குட்டியைத் துரத்திப் பிடிக்கக் கூடாது. முதலில் குதிரையை அப்புறப்படுத்துங்கள். பிறகு ஒருவர் மட்டும் பக்கவாட்டில் உட்கார்ந்தபடி நெருங்கட்டும். பால்குடி மறந்து சில வாரமே ஆன குட்டியும் வலியில் கடிக்கும், அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. மூச்சு சீராக இருந்தால் மட்டும் ஒரு துணிப்பட்டையால் வாயைத் தளர்வாகக் கட்டலாம். மூச்சு வாங்குகிற குட்டியின் வாயைக் கட்டவே கூடாது. அக்குளில் கைகொடுத்துத் தூக்காமல், ஒரு பலகையையோ மடித்த சாக்கையோ உடலுக்கு அடியில் நகர்த்தி, படுத்த நிலையிலேயே எடுத்துச் செல்ல வேண்டும்.

கால்நடை மருத்துவரிடம் போகும் வழியில் ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்கும் ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்து, இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும். ஈறு வெளிறியோ நீலம் பாய்ந்தோ இருந்தாலும், நிறம் திரும்பத் தாமதமானாலும், உள்ளே இரத்தம் கசிகிறது என்றோ நுரையீரல் அடிபட்டிருக்கிறது என்றோ கொண்டு வேகமாகப் போக வேண்டும். கால் முறிவு கண்ணுக்குத் தெரிவதால் எல்லோரும் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். உதையில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் கால் அல்ல, நெஞ்சும் வயிறும்தான். நுரையீரலில் பட்ட அடி சில சமயம் அடுத்த நாள்தான் மூச்சுத் திணறலாக வெளிப்படும். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானம் கிழிந்திருந்தாலும் மூத்திரப்பை உடைந்திருந்தாலும் முதல் மணி நேரத்தில் குட்டி நடமாடக்கூடும். ஆகவே மருத்துவர் வீட்டுக்கு அனுப்பிவிட்டாலும், 48 மணி நேரத்துக்கு மூச்சை எண்ணிக் குறித்து வையுங்கள். அசந்து தூங்கும் குட்டியின் மூச்சு நிமிடத்துக்குத் தொடர்ந்து 30-ஐத் தாண்டிக்கொண்டே போனாலும், சிறுநீர் போகாவிட்டாலும், வயிறு உப்பினாலும் மீண்டும் கொண்டுபோக வேண்டும்.

மூன்று காரியங்களைச் செய்யாதீர்கள். மனிதர் விழுங்கும் வலி மாத்திரையைக் கொடுக்காதீர்கள்: பாராசிட்டமால் நாயின் கல்லீரலையும், ஐபுப்ரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், குட்டிக்குச் சிறு துண்டே அதிகம். மயக்கமருந்து கொடுக்க வேண்டி வரலாம் என்பதால், மருத்துவர் பார்க்கும்வரை பாலோ சோறோ ஊட்டாதீர்கள். மூங்கில் பத்தை வைத்து நீங்களே கட்டுப்போடாதீர்கள். புத்தூர்க் கட்டு போடத் தெரிந்தவர் பக்கத்து ஊரில் இருக்கிறார் என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். வளரும் குட்டியின் எலும்பு நுனிகளில் வளர்தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. எலும்பு நீள்வது அந்த இடத்தில்தான். அங்கே அடிபட்டதை அறியாமல் இழுத்துக் கட்டினால் கால் வளையும், அல்லது மற்றக் காலைவிடக் குட்டையாக நின்றுவிடும். அங்கே அடிபட்டிருக்கிறதா இல்லையா என்பதை எக்ஸ்ரே படம்தான் சொல்லும். சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. மற்ற இடங்களில் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவமனை எது என்பதைக் குட்டி அடிபடுவதற்கு முன்பே விசாரித்து, எண்ணை லாயத்தின் சுவரில் எழுதி வைத்துவிடுவது நல்லது.

ஓய்வு என்பது ஒரு வேலை

மூன்று முதல் ஆறு மாதக் குட்டியின் எலும்பு முறிவு கூடுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கலாம்; வளர்ந்த நாய்க்கு இதைப்போல இரண்டு மடங்கு ஆகும். கேட்கக் குறைவாகத் தோன்றும் இந்த நாட்கள், துள்ளித் திரிந்த ஒரு குட்டியை ஓரிடத்தில் வைத்திருக்க வேண்டியவருக்கு மிக நீளமானவை. முதல் வாரத்தில் வலி குட்டியைப் படுக்க வைக்கும். இரண்டாம் வாரத்தில் வலி குறைந்துவிடும், ஆனால் எலும்பு கூடியிருக்காது. தனக்கு எல்லாம் சரியாகிவிட்டது என்று குட்டி நினைக்கும் அந்த வாரத்தில்தான் கட்டில் மேலிருந்து குதிப்பதும், திண்ணையிலிருந்து தாவுவதும், முறிந்த இடத்திலேயே மறுபடி முறிவதும் நடக்கும்.

இடத்தை முதலில் ஏற்பாடு செய்யுங்கள். குட்டி எழுந்து நிற்கவும், திரும்பவும், கால் நீட்டிப் படுக்கவும் போதுமான அளவில் ஒரு கூண்டோ, பலகையால் தடுத்த மூலையோ போதும். ஓடுவதற்கு இடம் இருக்கக் கூடாது. மொசைக், டைல்ஸ் போன்ற வழுக்கும் தரையில் நாய் எழும் ஒவ்வொரு முறையும் நல்ல கால்களும் விரிந்து சறுக்கும் என்பதால், தரை முழுவதும் சாக்கையோ கயிற்றுப் பாயையோ விரித்து ஓரங்களை மடக்கி வையுங்கள். இந்த மூலை வீட்டுக்குள்ளோ, லாயத்திலிருந்து தள்ளியுள்ள அறையிலோ இருக்கட்டும். தீனிக் கிடங்கிலேயே படுக்க வைத்தால் குதிரை வாசனை விட்டுப்போகாது என்று எனக்குச் சிலர் யோசனை சொன்னார்கள். நான் அதை ஏற்கவில்லை. தன்னை அடித்த விலங்கு இரண்டடி தூரத்தில் குளம்பைத் தட்டிக்கொண்டிருக்கும்போது எந்தக் குட்டியும் ஆழ்ந்து தூங்காது, தூங்காத குட்டி தேறாது. இந்த வயதில் நாய்க்குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கியே கழிக்க வேண்டும். குளம்பொலி தொலைவில் கேட்கலாம். குதிரை கண்ணில் படக் கூடாது.

மருத்துவர் போட்ட கட்டைத் தினமும் காலையிலும் மாலையிலும் பாருங்கள். கட்டுக்கு வெளியே தெரியும் இரண்டு நடுவிரல்களும் ஒட்டியிருக்க வேண்டும். அவை வீங்கி விரிந்திருந்தாலும், தொட்டால் சில்லென்று இருந்தாலும், கட்டிலிருந்து வாடை வந்தாலும் அன்றே அவிழ்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். குட்டி வளர்ந்துகொண்டே இருப்பதால் இன்று சரியாக இருக்கும் கட்டு பத்து நாளில் இறுகிவிடும். வாரம் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுவது இதற்காகத்தான். வெளியே கூட்டிப்போகும்போது கட்டின் நுனிக்கு ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டி, உள்ளே வந்ததும் மறக்காமல் கழற்றிவிடுங்கள். மாட்டியபடியே விட்டால் உள்ளே வியர்த்துத் தோல் ஊறிப்போகும். சிறுநீருக்கும் மலத்துக்கும் வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைச் சுற்றித் தாங்கி, கழுத்துக் கயிற்றோடு கூட்டிப்போய் உடனே திரும்ப வேண்டும்.

உணவில் புதுமை எதுவும் வேண்டாம். எலும்பு முறிந்ததால் சுண்ணாம்புச் சத்துப் பொடி கொடுக்க வேண்டும் என்பது பரவலான நம்பிக்கை. சத்துச் சமன் செய்த குட்டி உணவு தின்னும் நாய்க்கு அதற்கு மேல் கொடுக்கும் சுண்ணாம்புச் சத்து, குறிப்பாக ராஜபாளையம் போன்ற பெரிய வகைகளில், எலும்பு வளர்ச்சியையே குலைக்கும். வேகவைத்த எலும்புகள் உடைந்து குடலைக் குத்தும் என்பதால் அவையும் கூடாது. நடமாட்டம் குறைந்திருப்பதால் எடை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தடுப்பூசி நாட்களை அடிபட்ட காரணத்துக்காக நீங்களாகவே தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் கேளுங்கள். பார்வோ என்ற கழிச்சல் நோய்க்கான தொடர் ஊசிகளும், மூன்று மாதத்தில் போட வேண்டிய வெறிநோய் ஊசியும் இந்தச் சமயத்தில்தான் வந்து சேரும்.

உடம்பைக் கட்டிப்போட்ட குட்டிக்கு மூக்கால் செய்யும் வேலை கொடுக்க வேண்டும். தட்டில் வைக்கும் தீனியில் பாதியைப் பழைய துண்டின் மடிப்புகளுக்குள் சுருட்டி வைத்தால், கருப்பன் இருபது நிமிடம் அதைப் பிரித்துப் பிரித்து முகர்ந்துகொண்டிருப்பான். அதன்பின் ஓடி விளையாடிய களைப்போடு தூங்குவான். பார்க்க வருகிறவர்களை மட்டும் கட்டுப்படுத்துங்கள். ஐயோ பாவம் என்று ஆளுக்கொரு முறை தூக்கிக் கொஞ்சுவது ஓய்வைக் கெடுக்கும்.

பயத்தை அடையாளம் காண்பது

கூண்டில் இருக்கும் நாட்களிலேயே பயம் வெளியே தெரியத் தொடங்கும். நடுங்குவதும் வாலைக் கால்களுக்கிடையில் சுருட்டுவதும் எல்லோருக்கும் புரியும். அவற்றுக்கு முன்பே வரும் சிறு குறிகளைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். பசியில்லாதபோது மூக்கை நக்குவது, தூக்கமில்லாதபோது கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்கண்ணால் மட்டும் பார்ப்பதால் கண்ணின் வெள்ளை பிறைபோலத் தெரிவது, ஒரு முன்காலைத் தூக்கியபடி அசையாமல் நிற்பது, திடீரென்று தரையை அக்கறையாக முகர்வது ஆகிய எல்லாம் ‘இதற்கு மேல் வேண்டாம்’ என்று குட்டி சொல்வதுதான். முன்காலில் கட்டுப்போட்ட குட்டி காலைத் தூக்குவது வலியாலும் இருக்கலாம் என்பதால் அந்த ஒன்றை மட்டும் தனியாக நம்பாதீர்கள்.

இவற்றையெல்லாம்விட நம்பகமான ஒரு சோதனை இருக்கிறது. குட்டிக்கு மிகவும் பிடித்த ஒன்றை, உதாரணமாக வேகவைத்த கோழி ஈரலில் கொண்டைக்கடலை அளவு ஒரு துண்டை, நீட்டிப் பாருங்கள். உடனே மென்மையாக வாங்கித் தின்றால் மனம் அமைதியாக இருக்கிறது. விரலையும் சேர்த்து வெடுக்கென்று பிடுங்கினால் பதற்றம் ஏறுகிறது. தின்னவே மறுத்தால் எல்லை தாண்டிவிட்டது. அந்த நிலையில் எந்தப் பழக்கமும் ஏறாது, அந்த இடத்தைவிட்டு விலகுவது ஒன்றே வழி.

பயந்த குட்டியைத் தடவிக்கொடுத்தால் பயம் வளரும் என்று ஒரு பேச்சு உண்டு. பயம் என்பது பரிசுக்காகச் செய்யும் சேட்டை அல்ல. உங்களை ஒட்டிவந்து நிற்கும் குட்டியை ஒதுக்கித் தள்ளினால், குதிரையோடு சேர்த்து உங்களையும் நம்ப முடியாது என்றுதான் அது கற்றுக்கொள்ளும். அமைதியாகப் பக்கத்தில் இருங்கள், அது சாய்ந்தால் சாயவிடுங்கள். தூக்கிக்கொண்டுபோய்க் குதிரையின் மூக்கருகே நீட்டுவதைத்தான் செய்யக் கூடாது. கைக்குள் இருக்கும் குட்டி சத்தமின்றி இருப்பதைத் தைரியம் என்று எண்ணிவிடுகிறோம், உண்மையில் அது தப்பிக்க வழியில்லாமல் உறைந்து போயிருக்கிறது.

சத்தமும் வாசனையும்

குதிரையைக் காட்டுவதற்கு முன் குதிரையின் அடையாளங்களைப் பழக்கலாம். இதற்குக் கால் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. லாயத்தின் ஓசைகளைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள்: கல் தரையில் குளம்பு தட்டுவது, மூக்கால் சீறுவது, வாளி உருள்வது, கனைப்பது. காது கூர்ந்தால்தான் கேட்கும் அளவுக்குக் குறைத்து ஒலிக்கவிட்டு, ஓசை தொடங்கிய பின் ஈரல் துண்டு ஒன்றைக் கொடுங்கள். ஓசை நின்றதும் தீனியும் நிற்கட்டும். வரிசை மாறக் கூடாது: ஓசை முன்னால், தீனி பின்னால். மாற்றிச் செய்தால், ஈரல் துண்டைக் கண்டதுமே ஏதோ பயங்கரம் வரப்போகிறது என்று குட்டி கற்றுக்கொண்டு, தீனியைக் கண்டே ஒதுங்கும். இரண்டு மூன்று நாள் கழித்துச் சிறிது சத்தம் கூட்டலாம்.

வாசனைக்குச் சேணத்துக்கு அடியில் போடும் துணி நல்லது. அதைக் கூண்டுக்குள் போடாமல் அறையின் எதிர் மூலையில் வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். கருப்பன் முதல் நாள் அந்த மூலைக்கு முதுகைக் காட்டியே படுத்திருந்தான். ஐந்தாம் நாள் மலங்கழிக்கப் போகும் வழியில் கழுத்தை மட்டும் நீட்டி, பின்னங்கால்களை ஓடத் தயாராக வைத்துக்கொண்டு முகர்ந்தான். பத்தாம் நாள் அதன்மேல் படுக்கப் பார்த்தான். ஒவ்வொரு அடியையும் அவனாக எடுத்தான் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

எந்தக் குதிரை

கால் கூடிவிட்டது என்று மருத்துவர் எக்ஸ்ரே பார்த்துச் சொன்ன பிறகும், ஒன்றிரண்டு வாரம் தட்டையான தரையில் மெதுவாக நடக்கவிட்டுத் தசையை மீட்டுக்கொண்டு வாருங்கள். வலியோடு குதிரை முன்னால் போகும் குட்டி அந்த வலியையும் குதிரையின் கணக்கிலேயே எழுதிக்கொள்ளும்.

குட்டியைப் பழக்குவதில் பாதி வேலை குதிரையிடம்தான் இருக்கிறது. லாயத்தில் உள்ள எல்லாக் குதிரையும் இதற்கு உதவாது. குட்டி ஈன்ற பெண்குதிரை, காயடிக்காத ஆண்குதிரை, பந்தயத்திலிருந்து அண்மையில் வந்து நிலைகொள்ளாமல் இருக்கும் குதிரை ஆகியவற்றை விட்டுவிடுங்கள். நாய்களோடு பல வருடம் இருந்த, காயடித்த கிழட்டுக் குதிரை ஒன்று இருந்தால் அதுவே ஆசான். முதலில் வளர்ந்த, அடங்கிய ஒரு நாயை அதன் கண் முன்னால் நடத்திப் பாருங்கள். காதைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடி புல்லைத் தின்றால் அந்தக் குதிரை தகும். காது பின்னால் படிந்து, வால் சுளீரென்று வீசி, பின்பக்கத்தை நாயை நோக்கித் திருப்பினால் தகாது. மார்வாரி, காத்தியவாரிக் குதிரைகளுக்குக் காதின் நுனி உள்ளே வளைந்திருப்பதால் புதியவர்கள் குழம்புவார்கள். நுனியைப் பார்க்காமல் காதின் அடி எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள்.

குதிரையின் பார்வையைப் புரிந்துகொண்டால் அதன் உதையும் புரியும். தலையின் இருபுறமும் கண் இருப்பதால் ஏறக்குறைய 350 பாகை அதற்குத் தெரியும். முதுகுக்கு நேர் பின்னாலும், நெற்றிக்கு நேர் முன்னாலும், மூக்குக்குக் கீழும் தெரியாது. அந்தத் தெரியாத இடத்தில் சிறியதாக ஏதோ சரசரத்தால் உதைத்துவிட்டுத்தான் யோசிக்கும். வேட்டையாடப்படும் விலங்காக இருந்து பிழைத்துவந்த இனம் அது. எங்கள் பெண்குதிரை கருப்பனை வெறுத்து உதைக்கவில்லை. அவன் அங்கே இருந்ததே அதற்குத் தெரியாது.

தூரம்

திறந்த வெளியில், இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தலைக்கயிற்றைப் பிடித்துக் குதிரையை அசையாமல் நிறுத்தி வைக்க, மற்றவர் குட்டியோடு இருக்க வேண்டும். குதிரைக்கு முன் கொஞ்சம் புல் போட்டுவிட்டால் தலை தாழ்ந்து நிதானமாக இருக்கும். கொள்ளோ தவிடோ போடாதீர்கள், தானியத்தின் முன் சாதுவான குதிரையும் பங்காளியைச் சகிக்காது. குட்டிக்குக் கழுத்துப்பட்டையைவிட மார்பைச் சுற்றிய வார் நல்லது. பயத்தில் பின்னோக்கி இழுக்கும்போது கழுத்து நெரிந்தால் அதுவும் குதிரையால் வந்த துன்பமாகிவிடும்.

தொடக்கத் தூரத்தை நீங்கள் தீர்மானிக்க முடியாது, குட்டிதான் தீர்மானிக்கும். நூறு அடியோ இருநூறு அடியோ, குதிரையைப் பார்த்த பின்னும் ஈரல் துண்டை மென்மையாக வாங்கித் தின்கிற தூரம் எதுவோ அதுதான் அன்றைய இடம். கருப்பனுக்கு அது தென்னந்தோப்பின் மறுகோடியாக இருந்தது. குதிரை ஒரு பழுப்புப் புள்ளியாகத்தான் தெரிந்தது. குட்டி குதிரையைப் பார்க்கிறது, நீங்கள் ஒரு துண்டு கொடுக்கிறீர்கள். மறுபடி பார்க்கிறது, மறுபடி கொடுக்கிறீர்கள். ஐந்து நிமிடத்தில் முடித்துக்கொண்டு திரும்புங்கள். நாளுக்கு இரண்டு முறை போதும். சில நாளில் குதிரையைக் கண்டதும் குட்டி தானாகத் திரும்பி உங்கள் கையைப் பார்க்கும். அந்தத் திருப்பத்தைப் பார்த்தபின்தான் பத்தடி நெருங்கலாம்.

நேர்கோட்டில் நெருங்காமல் வளைந்து நெருங்குங்கள்; நாய்களே ஒன்றையொன்று அப்படித்தான் நெருங்குகின்றன. குட்டி திரும்ப விரும்பினால் கயிற்றைத் தளர்த்தி, நீங்களும் கூடவே திரும்புங்கள். நான் நினைத்தால் விலகிப்போகலாம் என்று தெரிந்த குட்டிதான் மறுபடி நெருங்கிவரும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கடினமாக்குங்கள்: குதிரை நடக்கப்போகிறது என்றால் தூரத்தைக் கூட்டுங்கள், இரண்டு குதிரைகள் நிற்கும் என்றால் இரண்டையும் அசையாமல் நிறுத்துங்கள். நடந்துபோகும் குதிரையோடு பழக்க எளிய வழி, இரண்டையும் ஒரே திசையில் இணையாக நடத்துவது. குதிரை ஒரு ஓரத்தில், குட்டி மறு ஓரத்தில், இடையில் ஆளும் நல்ல இடைவெளியும். எதிரெதிராக வரவிடுவதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓட்டத்தை அதற்கும் பின்னால்.

என் தவறு இங்கேதான் நடந்தது. மூன்று வாரத்தில் கருப்பன் முப்பதடிக்குள் வந்துவிட்ட மகிழ்ச்சியில், வீட்டுக்கு வந்திருந்த உறவினர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பத்தடிக்குள் கூட்டிப்போனேன். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள். அவன் மூக்கை இரண்டு முறை நக்கியதைப் பார்த்தும் பார்க்காதவன்போல இருந்தேன். மூக்கில் ஏறிய தூசிக்காகக் குதிரை ஒரு முறை சீறியது, அவ்வளவுதான். அலறிக்கொண்டு என் கணுக்காலைச் சுற்றிக் கயிற்றைப் பின்னிவிட்டான். மறுநாள் தோப்பின் மறுகோடியில்கூடத் தின்ன மறுத்தான். இப்படி நேர்ந்தால் இரண்டு நாள் முழுதாக ஓய்வு கொடுத்து, கடைசியாக நன்றாக இருந்த தூரத்தைவிட இன்னும் ஒரு மடங்கு பின்னால் போய்த் தொடங்குங்கள். முதலில் பிடித்த நாட்கள் மறுபடி பிடிக்காது. எங்களுக்குப் பத்து நாளில் பழைய இடம் கிடைத்தது.

நாய்க்குட்டிகள் உலகத்தைக் கேள்வியின்றி ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 முதல் 14 வாரம் வரை என்பார்கள். குதிரை வண்டிகளோடு ஓடுவதற்கென்றே ஒரு காலத்தில் வளர்க்கப்பட்ட டால்மேஷியன் வகைக்கும் குட்டிப் பருவத்திலேயே குதிரைப் பழக்கம் தேவைப்பட்டது. அந்தப் பருவம் முடிகிற சமயத்தில் அடிபட்ட குட்டியிடம், முன்பு ஒரு வாரத்தில் கற்றதை இப்போது ஒரு மாதத்தில் எதிர்பார்ப்பதே நியாயம்.

லாயத்துக்குள்

உள்ளே கூட்டிவருவதற்கு முன் லாயத்தைச் சரிசெய்யுங்கள். குதிரை அறைகளின் கதவுக்கு அடியில் குட்டி நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தால் பலகை அடித்து மூடுங்கள். தீனிக் கிடங்கின் வாசலில், நடைவழியிலிருந்து விலகி, ஒரு சாக்கை விரித்து அதைக் குட்டியின் இடமாக்குங்கள். வீட்டிலேயே ‘சாக்கில் இரு’ என்ற சொல்லைப் பழக்கிவிட்டு அதே சாக்கை இங்கே கொண்டுவந்தால் பாதி வேலை முடிந்தது. தீனி வாளி நடமாடும் நேரத்தில் அது சாக்கில்தான் இருக்க வேண்டும், அல்லது லாயத்திலேயே இருக்கக் கூடாது. பயந்த குட்டியைத் தூணில் கட்டிவிட்டுப் போகாதீர்கள். கட்டிய நாய்க்கு ஓட முடியாது. ஓட முடியாத நாய் கடிக்கும்.

மருந்துகளிலும் கவனம் வேண்டும். குதிரைக்குக் கொடுக்கும் ஐவர்மெக்டின் குடற்புழுப் பசை, பல நூறு கிலோ எடையுள்ள உடலுக்கு அளந்தது. வாயோரம் வழிந்து தரையில் விழுந்த துளியை நக்கினாலும் ஐந்து கிலோ குட்டிக்கு ஆபத்து. மருந்து கொடுத்த அடுத்த சில நாட்களின் லத்தியையும் உடனுக்குடன் அள்ளிவிடுங்கள். லாடம் அடிப்பவர் வரும் நாளில் குட்டியை வீட்டிலேயே வையுங்கள்: ஆணிகள் சிதறிக் கிடக்கும், சீவிப்போட்ட குளம்புத் துண்டுகளை நாய்கள் ஆசையாக விழுங்கி வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

தைரியம் அளவு மீறுவதையும் பார்க்க வேண்டும். பயம் தெளிந்த குட்டி சில சமயம் எதிர்ப்பக்கம் சாய்ந்து, குளம்பைப் பார்த்துக் குரைப்பதும், ஓடும் குதிரையின் பின்னால் பாய்வதுமாக மாறும். சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வகைகளுக்கு ஓடுவதைத் துரத்துவது இரத்தத்தில் இருக்கிறது. ஒருமுறை துரத்தி மகிழ்ந்த நாயை மறுபடி அடக்குவது பயந்த நாயைத் தேற்றுவதைவிடக் கடினம். ஆகவே ஒரு வயதாகி, எவ்வளவு பரபரப்பிலும் கூப்பிட்டதும் திரும்பிவரும் வரை, லாயத்துக்குள் நீண்ட கயிறு இல்லாமல் விடாதீர்கள். எந்த நாளிலும் குதிரையின் பின்பக்கத்திலிருந்து பன்னிரண்டு அடிக்குள் அது நடக்கக் கூடாது. நீங்கள் குதிரையை எப்போதும் அந்த அகலத்தில் சுற்றிக்கொண்டு நடந்தால், கூடவே வரும் குட்டிக்கும் அது வழியாகப் பதிந்துவிடும்.

எங்கள் ஊர் எல்லையில் அய்யனார் கோயில் மண்குதிரையின் காலடியிலேயே ஒரு மண்நாய் நிற்கிறது. கருப்பனுக்கு இப்போது இரண்டு வயது. அந்த அளவுக்கு அவன் நெருங்குவதில்லை. கிழட்டுக் குதிரையின் அறைக்கு எதிரே சாக்கில் மல்லாந்து தூங்குகிறான். குதிரை கனைத்தால் ஒரு காது மட்டும் எழுந்து விழுகிறது. ஆனால் அந்தப் பெண்குதிரை நிற்கும் மூன்றாம் அறையைக் கடக்கும்போது, எதிர்ச்சுவரில் உடம்பு உரசும்படி ஒதுங்கி, வேகத்தைக் கூட்டாமல் நடந்து போகிறான். அதை மாற்ற நாங்கள் முயலவில்லை.